எம்முடன் பயின்றோர்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் மாலை நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

'சங்கத்தின் தோற்றமும் வளர்ச்சியும்' என்னும் தலைப்பு எமக்கு அளிக்கப்பட்டுள்ளது. தோற்றத்தைச் செயலாளர் தம் அறிக்கையிலேயே சொல்லிவிட்டார். வளர்ச்சியோ முன்வரிசையில் அமர்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே தலைப்பைச் சற்றே மீறி, 1985-ஆம் ஆண்டு எம்மோடு பத்தாம் வகுப்புத் தேர்வெழுதியவர்களைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். அவர்களுட் பலர் இப்பந்தலிலேயே இருக்கின்றனர். பெயரைச் சொன்னால் உடனே எழுந்து மறுப்புரை கூறும் இயல்பினர் ஆதலின், பெயர்களை விடுத்தே பேசுகின்றோம்.

அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்படவில்லை. செஞ்சிக்கு அருகே, ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பில் நாற்பத்தெட்டுப் பேர். அவர்களுள் காலனியிலிருந்தும் அரசு மாணவர் விடுதியிலிருந்தும் வந்தோர் பதினொருவர். ஆண்கள் ஒன்பதின்மர், பெண்கள் இருவர். எங்கள் வீடுகளில் அதுவரை பத்தாம் வகுப்பைக் கண்டவர் எவருமிலர். படித்தவர் என்று சொல்லக் காலனியில் ஒரே ஒரு பெரியவர் இருந்தார். சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் 1916-இல் நிறுவிய நந்தனார் பள்ளியில் சில ஆண்டுகள் பயின்றவர். யாருக்குக் கடிதம் வந்தாலும் அவர்தாம் படித்துச் சொல்வார். துயரச் செய்தியாயின் முதலில் வெற்றிலை போட்டுக்கொள்வது அவர் வழக்கம். நாளடைவில், அவர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாலே பெண்கள் அழத் தொடங்கிவிடுவர். எங்களுக்கு விண்ணப்பம் நிரப்பக் கற்றுக்கொடுத்தவரும் அவரே.

மூத்தவரை முதலில் சொல்வதே முறை. சில வகுப்புகளை இருமுறை கற்றுத் தெளிந்தவர் ஆதலால், பத்தாம் வகுப்பில் அவருக்கு வயது பதினெட்டு, முறுக்கிய மீசை. 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் 1984 செப்டம்பரில் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அன்று முதல் நண்பகலில் அவருக்கு வயது பதினைந்து. செஞ்சித் திரைப்படக் கொட்டகை வாயிலில் இருபது. சத்துணவு ஆயா அவர் மீசையைப் பார்ப்பார். பிறகு தட்டைப் பார்ப்பார். மறுபடியும் மீசையைப் பார்ப்பார். கடைசியில் ஒரு கரண்டி கூடுதலாகவே போடுவார். அவ்வாண்டு அக்டோபரில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். நோயுற்றபோது, அவர் நலமுடன் திரும்பும்வரை தம் முகத்தில் கத்தி படாது என்று இவர் நேர்ந்துகொண்டார். 1985 பிப்ரவரி 4-ஆம் நாள் எம்.ஜி.ஆர். அமெரிக்காவிலிருந்து சென்னை திரும்பினார். மறுநாள் மீசை, தாடி, தலைமயிர் மூன்றையும் களைந்துவிட்டு இவர் வகுப்புக்கு வந்தார். வருகைப் பதிவெடுத்த ஆசிரியர், "யாரப்பா நீ? பரீட்சை நேரத்தில் வந்து சேர்ந்திருக்கிறாய்?" என்று வினவினார். அன்று ஒருநாள் அவர் உண்மையிலேயே பதினைந்து வயதினராய்த் தோன்றினார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இப்போது அரசுப் பேருந்து ஓட்டுகிறார். சான்றிதழில் உள்ள வயதின்படி ஓய்வுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் உள்ளனவாம். நாங்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

இன்னொருவர்க்குத் தமிழிலக்கணத்தில் ஒரே ஒரு தொடர்தான் தெரியும்: ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அதன் ஓசை அவரை ஆட்கொண்டுவிட்டது. எந்தச் சொல்லைக் கொடுத்து இலக்கணக் குறிப்புக் கேட்டாலும் அதையே எழுதுவார். வேற்றுமைத் தொகையா? ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். உருவகமா? அதுவும் அதுவே. தமிழாசிரியர் அடித்துப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். பொதுத்தேர்வில் 'ஓடாக் குதிரை' என்று ஒரு வினா வந்தது. எங்களுள் அதற்குச் சரியாக விடையெழுதியவர் அவர் ஒருவரே. இன்று கிராம நிர்வாக அலுவலகத்தில் பணி. எந்தச் சான்றுக்கும் 'ஆகாது' என்று முதலில் சொல்லும் பழக்கமுடையார் என்று கேள்வி. எதிர்மறை இன்னும் விடவில்லை போலும்!

பதினொருவர்க்கும் சேர்த்து ஒரே கைக்கடிகாரம் இருந்தது. படையிலிருந்த அண்ணன் அனுப்பிய எச்.எம்.டி. கடிகாரம். அதற்கு உரியவர் எங்களுள் மிகச் சிறியவர். கடிகாரம் மணிக்கட்டில் நில்லாமல் முழங்கைவரை ஏறியிறங்கும். தேர்வு மையத்தில் எங்களுக்குக் கிடைத்த இடம் கோடியிலிருந்த கீற்றுக் கொட்டகை. அரைமணிக்கு ஒருமுறை அடிக்கும் மணி அங்கே கேளாது. ஆகவே விடுதியில் கூடி ஓர் ஏற்பாடு செய்தோம். அரைமணிக்கு ஒருமுறை அவர் இருமவேண்டும். முதல் அரைமணிக்கு ஓர் இருமல், அடுத்ததற்கு இரண்டு, இவ்வாறே மேலே செல்லும். தமிழ்த் தேர்வில் திட்டம் நன்கு நடந்தது. கண்காணிப்பாளர் இரக்கமுற்று அவருக்குத் தண்ணீர் வருவித்துக் கொடுத்தார். இரண்டாம் நாள் மிளகுக் கசாயம் வந்தது. கணக்குத் தேர்வன்று அவருக்கு மெய்யாகவே இருமல் பிடித்துக்கொண்டது. தேர்வு தொடங்கிய இருபதாம் நிமிடத்தில் தொடர்ந்து ஒன்பது இருமல்! எங்களுள் இருவர் அலறியடித்துக்கொண்டு விடைத்தாளை நூலால் கட்டத் தொடங்கிவிட்டனர். மூத்தவர் எழுந்தே நின்றுவிட்டார். எஞ்சிய தேர்வுகளைக் காலக்கணக்கின்றியே எழுதினோம்.

பெண்கள் இருவருள் ஒருவர் கணக்கில் எங்கள் அனைவரையும் விஞ்சியவர். வீட்டுக்கணக்கை எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார், இலவசமாக அன்று. ஒரு கணக்குக்கு இரண்டு நெல்லிக்காய், வடிவக் கணிதமாயின் மூன்று. கடன் சொல்வோர் பெயரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்வார். நெல்லிக்காய்க்கு வட்டி உண்டா என்று ஒருநாள் நாங்கள் நகையாடினோம். மறுநாள் முதல் வட்டியும் ஏறலாயிற்று. அவ்வம்மையாரே நம் சங்கத்தின் பொருளாளராய் இருபத்தைந்து ஆண்டுகளாக விளங்குகின்றார். சந்தா நிலுவை வைத்திருப்போர் அவர் வீட்டுத் தெருவழியே நடக்க அஞ்சுவது உங்களுக்கும் தெரியும். இவ்வுரையை நிகழ்த்துவோர் கணக்கில் பதினான்கு நெல்லிக்காய் இன்றும் நிலுவையிலுள்ளதாகக் காலையில்தான் நினைவூட்டினார்.

இம்மலரின் முன்பகுதியில் நீங்கள் காணும் வகுப்புப் படம் 1985 பிப்ரவரியில் எடுக்கப்பட்டது. வரிசை வகுத்தவர் எங்களைப் பின்வரிசையின் ஓரத்தில் நிறுத்தி, "அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழும்" என்றார். நாங்களும் நம்பினோம். படம் வந்தபோது வெளிச்சம் வேறெங்கோ விழுந்திருந்தது. கடிகாரக்காரர் சட்டத்துக்கு வெளியே போய்விட்டார். கடிகாரம் தெரியவேண்டுமென்று முன்னே நீட்டிய அவர் கை மட்டும் உள்ளே இருக்கிறது. எண்ணிப் பார்த்தால், அந்தக் கையையும் சேர்த்து, நாங்கள் பதின்மரே தெரிவோம். பதினொன்றாமவர் அன்று கரும்பு வெட்டப் போயிருந்தார்.

அவரைத் 'தேசிங்கு' என்று அழைப்போம். ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்து 1714-இல் களத்தில் மாண்ட செஞ்சி மன்னன் தேசிங்கின் கதையை அவர் விடுதி முற்றத்தில் சொல்லத் தொடங்கினால், சமையற்காரரும் அடுப்பை விட்டு வந்துவிடுவார். குழம்பு அடிப்பிடித்த நாள்களெல்லாம் தேசிங்கு மாண்ட நாள்களே. மணக்கோலத்தை விட்டு நண்பனுக்காகப் போர்க்களம் புகுந்த மோவுத்துக்காரனின் பகுதி வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அந்த இடத்தை இரண்டு முறை சொல்லாமல் விடமாட்டார்.

எங்களுக்கு வரலாறு கற்பித்தவர் அவர்தாம். பானிப்பட்டுப் போர்கள் மூன்றையும் விடுதி முற்றத்தில் நடத்திக் காட்டினார். முதற்போரில் மூத்தவர் இப்ராகிம் லோடி. வெட்டுண்டு வீழ்ந்த அவரைத் தூக்கிச் செல்ல நால்வர் வேண்டியிருந்தது. நால்வரும் இறக்கிவிட்டு வருவதற்குள் இரண்டாம் போர் தொடங்கிவிட்டது. 1526, 1556, 1761 என்று நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் இன்றும் சொல்வோம். ஆனால் ஆங்கிலத்தை நடித்துக் காட்ட அவருக்கும் இயலவில்லை. ஆங்கில ஆசிரியர் பணியிடம் அவ்வாண்டில் பாதிக்காலம் வெறுமையாகக் கிடந்தது.

1907-இல் அண்ணல் அம்பேத்கர் மெட்ரிகுலேஷன் தேறியபோது பம்பாயில் பாராட்டுக் கூட்டம் கூட்டினர். ஆசிரியர் கெலுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசளித்தார். எங்களுக்குக் கூட்டமும் இல்லை, நூலும் இல்லை. தேசிங்கு இருந்தார். முடிவு வெளியான நாளன்று பேருந்து நிலையம்வரை நடந்துபோய் மாலைப் பத்திரிகை வாங்கிவந்தவர் அவரே. ஏரிக்கரைமேல் ஏறி நின்று, கோட்டை வாயிலில் கட்டியம் கூறுவான் போல, எங்கள் எண்களை ஒவ்வொன்றாக முழங்கினார். ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் இடைவெளி. ஒவ்வோர் இடைவெளிக்கும் எங்கள் கூச்சல். எட்டு எண்கள். பிறகு பத்திரிகையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு கீழே இறங்கி எங்களோடு சேர்ந்து ஆடினார். அவருடைய எண் என்னவாயிற்று என்று நாங்கள் கேட்டது இருட்டிய பிறகுதான். ஆங்கிலத்தில் 31. தேறுவதற்கு 35 வேண்டும்.

தேறாத மற்ற இருவருள் ஒருவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் சென்றார். இன்னொரு பெண் மணமாகி வேலூர்ப் பக்கம் போனார். நாங்கள் எண்மரும் நகரத்து மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தோம். சில வாரங்களில் அங்குள்ள அறிவிப்புப் பலகையில், மறுதேர்வுக்கு விண்ணப்பிக்க இறுதிநாள் இன்னது என்று ஒட்டியிருந்தனர். எண்மரும் அதைப் படித்தோம். தேசிங்கின் வீடு எங்கள் வீடுகளுக்கு நடுவில்தான் இருந்தது. அவ்வாரம் ஊருக்குப் போனவர்களும் உண்டு. ஒருவர் சொல்லியிருப்பார் என்று மற்றவர் எண்ணினோம். எவரும் சொல்லவில்லை. அடுத்த தையில் அவர் குடும்பம் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போய்விட்டது. சூளை வேலை பொங்கலுக்குப் பின் தொடங்கி மழைவரை நடக்கும். பள்ளித் தேர்வுகள் நடைபெறும் காலமும் அதுவே. முன்பணம் தீராதவரை ஆண்டுதோறும் திரும்பிப் போகவேண்டும். பதினைந்து ஆண்டுகள் நாங்கள் அவரைத் தேடவில்லை. எங்களுக்குப் படிப்பிருந்தது, பிறகு வேலை இருந்தது, பிறகு திருமணங்கள் இருந்தன.

2000-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், எம்முள் ஒருவர் பணியாற்றிய பள்ளியின் வாயிலில் அவர் வந்து நின்றார். பக்கத்தில் ஆறாம் வகுப்புக்குப் போகும் மகள்.

"என்னப்பா, வாத்தியாராயிட்டியாமே! எனக்கு வராத இங்கிலீஷு எம்பொண்ணுக்காவது வருமா, பாத்துச் சொல்லு" என்றார்.

செயலாளர் தம் அறிக்கையில் 'சமுதாய முன்னேற்றம் கருதிச் சங்கம் தொடங்கப்பெற்றது' என்று எழுதியுள்ளார். அது பிழையன்று. எனினும் நடந்தது இவ்வளவே. பொருளாளர் அம்மையார் வீட்டுத் திண்ணையில் ஒன்பது பிள்ளைகளோடு மாலை வகுப்புத் தொடங்கிற்று. பேரேட்டின் முதல்வரியில் உள்ள ஐம்பது ரூபாய் தேசிங்கு கொடுத்தது. சூளைக் காலங்களில் மகளை அம்மையார் வீட்டிலேயே விட்டுச் செல்வார். அப்பெண் 2005-இல் பத்தாம் வகுப்புத் தேறினாள். அன்று மாலை அவர் திண்ணைமேல் ஏறி நின்று, மதிப்பெண் பட்டியல் முழுவதையும், பள்ளியின் பெயர், பதிவெண், பிறந்தநாள் உட்பட, பழைய குரலிலேயே முழங்கினார். அறிவிப்புப் பலகைச் செய்தியை நாங்கள் அவரிடம் சொன்னது அன்றிரவுதான். "தெரியும்" என்றார். சற்று நேரம் கழித்து, "டீ சொல்லு" என்றார். அதன்பின் அதைப்பற்றி இருதரப்பும் பேசியதில்லை. இன்று இம்மேடையில் பேசலாமா என்று நேற்றுக் கேட்டோம். சுருக்கமாய்ப் பேசு, பானிப்பட்டைக் குறைக்காதே என்றார்.

தனித்தேர்வராகத் தேர்வெழுதுமாறு அவரைப் பல்லாண்டாக வற்புறுத்தி வந்தோம். பேரன் பேத்தி எடுத்தாயிற்று, இனி என்ன என்று தட்டிக்கழித்து வந்தார். சென்ற வாரம், விழாப் பந்தற்கால் நட்ட அன்று, என்ன தோன்றிற்றோ, தாமாகவே வந்து எழுதுகிறேன் என்றார். "மத்தியானத்துல சோறு உண்டா?" என்று மட்டும் கேட்டார். பதினைந்து வயது என்று சொன்னால் உண்டு என்று மூத்தவர் விடை பகர்ந்தார்.

பொருளாளர் அம்மையார் பேரேட்டில் அவர் பெயரை எழுதிவிட்டார். நாளை மாலை ஆறு மணிக்கு ஆங்கில வகுப்பு. மாணவர்கள் தத்தம் இடத்தில் சற்றே நெருங்கி அமர்ந்துகொள்ள வேண்டுகின்றோம்.