படம் சாட்சியாகுமா?
(பாம்பன் கூட்டத்தில் பேசியது)



இங்கு வருகிற வழியில் ஒரு தோழர் தமது கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். தனுஷ்கோடிக்கு அப்பால் கடலுக்கடியில் சீராய் அடுக்கிய கற்பாலம். கல்லுக்குக் கல் ராமநாமம். "இதற்கு என்ன ஐயா சொல்லுகிறீர்?" என்று கேட்டார். இதற்குப் பதில் சொல்ல வேண்டியது நானல்ல, கணக்கு. ஆகவே அந்தக் கணக்கையே இன்று பேசலாமென்று நினைக்கிறேன்.

இதே மணல்திட்டுகளை அமெரிக்க நாசாவினர் விண்வெளியிலிருந்து எடுத்த படத்தைக் காட்டி, 17½ லட்சம் வருஷத்துப் பாலம் என்று 2002-ல் ஒரு கூச்சல் கிளப்பினார்கள். படம் மெய்தான், அதன்மேல் ஏற்றிய கதைதான் பொய். உயரத்திலிருந்து எடுத்த படத்தைக் கொண்டு திட்டின் வயதையோ, அது மனிதன் கட்டியதா என்பதையோ சொல்ல முடியாதென்று நாசாக்காரர்களே சொல்லிவிட்டார்கள். அன்று பொய் சொல்வதற்கு ஒரு மெய்ப்படமாவது வேண்டியிருந்தது. இன்று அதுவும் வேண்டியதில்லை.

யந்திரத்துக்குப் படம் தெரியாது, எண்தான் தெரியும். 2022-ல் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்பது, 512-க்கு 512 புள்ளிகள் உள்ள ஒரு படத்தின் 7,86,432 எண்களை 16,384 எண்களாகச் சுருக்கி வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. சுருக்கத்தை மாற்றி, மறுபடி விரித்தால் புதுப்படம். முகங்களை உண்டாக்கும் யந்திரங்களில் இந்த எண்வரிசையை ஒரு திசையில் நகர்த்தினால் முகம் சிரிக்கும். இன்னொரு திசையில் நகர்த்தினால் வயதேறும்.

இங்கேதான் வேடிக்கை. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தார் 2020-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முகத்துக்கு வயதேற்றினால் கூடவே மூக்குக்கண்ணாடியும் வந்து ஒட்டிக்கொண்டது. ஏன்? பழக்கக் கொடுத்த படங்களில் வயதானவர்களே அதிகமாய்க் கண்ணாடி போட்டிருந்தார்கள். யந்திரம் இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டது. அதைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டாம். பூணூலையும் படிப்பையும் சேர்த்தே பார்த்துப் பழகிய நம் ஜனங்கள், பூணூலால்தான் படிப்பு வந்ததென்று நம்பவில்லையா? மற்றவர்களுக்குப் பள்ளிக்கூடக் கதவைச் சாத்தியது யார் என்று எத்தனை பேர் கேட்டார்கள்?

நிற்க. ஒட்டிக்கொண்டதைப் பிரிப்பது எப்படி? நிழலால்தான். கடலில் போகிற உங்களுக்கு இது சுலபம். ஒரு வள்ளம் இக்கரையிலிருந்து நேர்கோட்டில் 5 மைல் போய், கிழக்கே 3 மைலும் வடக்கே 4 மைலும் தள்ளி நிற்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டத்தின் நிழல் கிழக்குக் கோட்டின்மேல் 3 மைல் விழுகிறது. அதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது சுத்த வடக்கு, 4 மைல். அதேபோல், வயது என்னும் திசையின் நிழல் கண்ணாடி என்னும் திசைமேல் எவ்வளவு விழுகிறதென்று அளந்து கழித்தார்கள். பிறகு கண்ணாடி வராமலே வயதேறிற்று. அளப்பதும் பெரிய மந்திரமல்ல. இரு வரிசைகளிலும் எண்ணுக்கு எண் பெருக்கிக் கூட்டுவது, திசையின் நீளத்துக்குத் தக்கபடி வகுப்பது, அவ்வளவுதான். 2 எண்ணானாலும் 512 எண்ணானாலும் முறை ஒன்றே.

எழுத்தால் கட்டளையிட்டாலும் இப்படித்தான். "கடலடியில் பழைய பாலம்" என்று எழுதிக் கொடுத்தால் அவ்வார்த்தைகளும் எண்களாகிப் படத்தைத் தங்கள் பக்கம் இழுக்கும். கடலுக்குள் யாரும் இறங்க வேண்டியதில்லை.

அந்தத் தோழரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ராமநாமமென்ற எழுத்து எந்தப் பாஷையிலும் சேரவில்லை, வெறும் கிறுக்கல். ஆனால் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள், புது யந்திரங்கள் எழுத்தையும் திருத்தமாய் எழுதுகின்றன. ஆதலால் எடுத்தவர் யார், எந்தத் தேதியில், எந்தப் படகிலிருந்து என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, அனுப்பியவரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அதோ பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.