எடுத்த இடத்திலேயே சேர்ப்போம்



நீரை வடிகட்டிப் பருகுதல் சமண இல்லறத்தாரின் தொன்மையான ஒழுக்கம். அதன் முற்பாதியை அனைவரும் அறிவர். பிற்பாதி மறக்கப்பட்டு வருகிறது. துணியில் தங்கிய நுண்ணுயிர்களை வடித்த நீரால் அலசி, முகந்த கிணற்றிலேயே மெல்லச் சேர்ப்பித்தல் முன்னோர் வழக்கம். வேறு நீரில் விட்டால் அவ்வுயிர்கள் துன்புறும் என்பது அவர்கள் கருத்து. நீரையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டு என்பதும் ஜினாகமக் கொள்கை. ஆதலின் அளவோடு எடுத்தலும், எடுத்த இடத்திற்குத் திருப்பித் தருதலும் ஒரே அறத்தின் இரு கூறுகள் ஆகும்.

வந்தவாசி, செய்யாறு, செஞ்சிப் பகுதி ஊர்களில் இவ்வொழுக்கத்திற்குத் திறந்த கிணறு துணைநின்றது. அங்கிருந்து அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் குடியேறிய குடும்பங்களுக்கு வாய்த்தது ஆழ்துளைக் கிணறு. விசையை அழுத்தினால் மேல்தொட்டி நிறைகிறது. எடுத்தது எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. திருப்பித் தரும் எண்ணமும் எழுவதில்லை.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பித் திறக்கப்பட்டது, அடையாறு கரைபுரண்டது. 2019 கோடையில் அதே ஏரியும் பூண்டி, சோழவரம், புழல் ஏரிகளும் வறண்டன. அவ்வாண்டு ஜூலை 12 அன்று, ஜோலார்பேட்டையிலிருந்து ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர் நீருடன் முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தடைந்தது. ஆவடியையும் அம்பத்தூரையும் கடந்தே அந்த ரயில் வந்தது. நான்கே ஆண்டுகளில் வெள்ளமும் வறட்சியும் கண்ட மண் இது.

சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் அதனால் விழும் நீர் ஒரு லட்சம் லிட்டருக்கும் மிகுதி. மழைநீர்ச் சேகரிப்பு 2003-இல் தமிழகமெங்கும் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும், குழி இருந்தும் சேறும் சருகும் அடைத்துக் கிடக்கும் இல்லங்கள் பல. மணலும் ஜல்லியும் இட்ட அவ்வடிகுழி, முன்னோரின் வடிதுணிக்கு நிகரானது. துணியை நாள்தோறும் அலசியவர் வழிவந்தோர், குழியை ஆண்டுக்கொரு முறையேனும் தூர்வாருதல் கடன். மாடியைப் பெருக்கி, முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டு, பின்வரும் தெளிநீரையே குழிக்குள் செலுத்துதல் வேண்டும்.

அடுக்களையிலும் கருதத்தக்கது ஒன்று உண்டு. ஆர்.ஓ. கருவி ஒரு குடம் குடிநீர் தருவதற்கு இரண்டு மூன்று குடம் நீரைக் கழிப்பதுண்டு. உப்பு மிகுந்த அந்நீரை வடிகுழியில் விடலாகாது. வாளியில் பிடித்து வைத்தால் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் உதவும்.

மிகுபொருள் விரும்பாமை பொன்னுக்கும் நிலத்திற்கும் மட்டும் உரிய நோன்பன்று. மண்ணின் அடியிலுள்ள நீரும் அண்டை வீட்டார்க்கும் பிற உயிர்கட்கும் பொதுவான செல்வமே. அதனை எடுத்துக்கொண்டே இருந்து ஒரு துளியும் திருப்பித் தராமை, பிறர் பங்கைக் கவர்தலுக்கு ஒப்பாகும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் ஒவ்வோர் இல்லத்தாரும் தத்தம் வடிகுழியைத் திறந்து பார்ப்பாராக.