மிஷின் வந்தாச்சு, பழகின டாக்டர் எங்கே?

(ஃபேர்லேண்ட்ஸ் பகுதிக் கூட்டத்தில் நமது தகவல் தொழில்நுட்ப அணி சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம ஃபேர்லேண்ட்ஸ்ல தெருவுக்குத் தெரு ஆஸ்பத்திரி இருக்கு. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு ஓமலூர் பக்கம் ஒரு கூலித் தொழிலாளி அடிபட்டுக் கிடந்தா, அவர் குடும்பம் நம்புறது நம்ம ஜி.எச்.சைத்தான். அங்க கேஷுவாலிட்டியில நிக்கிற டாக்டருக்கு என்ன பயிற்சி கொடுத்திருக்கோம்? அதைக் கேட்கத்தான் வந்தேன்.

நல்லதை நல்லதுன்னு சொல்லுவோம். 2008-ல் 108 வந்துச்சு. அப்புறம் 'தாய்' திட்டம் வந்துச்சு. நோயாளியை சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு பிரிச்சுப் பார்க்கிறாங்க. 2021 டிசம்பர்ல 'இன்னுயிர் காப்போம்' வந்துச்சு. விபத்துல சிக்கினவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். வரவேற்கிறோம்.

ஆனா நான் இன்ஜினியரிங் படிச்சவன். மிஷினை இறக்கினா மட்டும் போதாது, ஓட்டத் தெரிஞ்ச ஆள் வேணும்.

நம்ம காட்டுல நடக்கிறதையே பாருங்க. கட்டுவிரியன் கடிச்சா பெரிசா வலி இருக்காது, வீக்கம் இருக்காது. கொஞ்ச நேரத்துல கண் இமை இறங்கும், அப்புறம் மூச்சு நிக்கும். அந்த இமையைப் பார்த்ததும் புரிஞ்சுக்கறது பழகின கண்ணுதான்.

எம்.பி.பி.எஸ். முடிச்சவருக்கு ஒரு வருஷ பயிற்சிக் காலம். 2021 விதிப்படி அதுல கேஷுவாலிட்டிக்கு ரெண்டே வாரம். அவசர மருத்துவத்துக்குத் தனி எம்.டி. படிப்பு மூணு வருஷம். அமெரிக்காவில் சின்சினாட்டியில் 1970-லேயே இதுக்குப் பயிற்சி தொடங்கிட்டாங்க. இங்க தனித்துறையா அங்கீகாரம் கிடைச்சதே 2009-ல். அதுக்கப்புறமும் 2023-ல் தேசிய மருத்துவ ஆணையம் போட்ட விதியில, புது மருத்துவக் கல்லூரிக்குக் கட்டாயமான துறைகள் பட்டியல்ல அவசர மருத்துவம் இல்லை. இது சரியா?

நாம கேட்கிறது மூணு.

ஒண்ணு: டெல்லி விதி எப்படி இருந்தாலும், சேலம், நாமக்கல் உட்பட எல்லா அரசு மருத்துவக் கல்லூரியிலும் அவசர மருத்துவத் துறைக்கு நிரந்தரப் பணியிடம் வேணும். வேற துறையில இருந்து மாத்தி மாத்தி ஆள் அனுப்பி ஓட்டக் கூடாது.

ரெண்டு: அரசு டாக்டர்களுக்கு மேற்படிப்புல இட ஒதுக்கீடு தர மாநிலத்துக்கு உரிமை உண்டுன்னு 2020 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. அந்த வழியில கேஷுவாலிட்டி டாக்டர்களை எம்.டி. படிக்க அனுப்புங்க. படிச்சு வந்தவரை அங்கேயே பணியில வைங்க.

மூணு: ராத்திரியில சீனியர் டாக்டர் போன்ல இருந்தா போதாது. நேர்ல இருக்கணும்.

நம்ம ஆளுங்களுக்கும் ஒரு வார்த்தை. துக்கத்துல டாக்டர் மேல கை வைக்காதீங்க. முப்பது மணி நேரம் தூங்காம நிக்கிற அந்தப் பொண்ணும் நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரிதான். கோபத்தைக் கேள்வியா மாத்துங்க. நம்ம ஜி.எச்.ல அவசர மருத்துவம் படிச்ச டாக்டர் எத்தனை பேர், காலியிடம் எத்தனைன்னு ஆர்.டி.ஐ. மனு போடுவோம். பத்து ரூபாய்தான் கட்டணம். பதில் வந்ததும் இதே பக்கத்துல அப்படியே போடுவோம்.



#பழகினடாக்டர்வேணும் #சேலம்ஜிஎச்