நோயாளியின் பொறுப்பாம்!

அமெரிக்க நாட்டு மருத்துவக் கட்டணச் சீட்டுகளில் ‘நோயாளியின் பொறுப்பு’ என்றொரு வரி காணப்படும். வேளை தவறாமல் மருந்துண்பதைச் சொல்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். காப்பீடு கைவிரித்தபின் எஞ்சும் தொகைக்கு அங்கே சூட்டியுள்ள பெயர் அது!

பெருங்குடற் புற்றுநோயை முன்னறியும் குழாய்ச் சோதனையைப் பாருங்கள். முதியோருக்கான அரசுக் காப்பீடாம் மெடிகேரில், 2010ஆம் ஆண்டுச் சட்டம் அச்சோதனையை இலவசமாக்கிற்று. மயக்க மருந்தேற்றுப் படுத்தார் முதியவர். குடலிலே சிறு கட்டியொன்று தென்பட்டது. விட்டுவைத்தால் நாளை அதுவே புற்றாகலாம். மருத்துவர் அகற்றினார், அகற்றத்தான் வேண்டும். அக்கணமே சோதனை, சிகிச்சையாக மாறிவிட்டது! கட்டணத்தில் நூற்றுக்கு 20 பங்கு முதியவர் தலையில் விழுந்தது. உறங்கிக் கிடந்தவர் எந்தப் பொறுப்பிலே தவறினார்? துணைக் காப்பீடு வாங்கும் வசதியுள்ளோர் தப்பினர். அது வேறு கதை.

2020இல் இதைத் திருத்தச் சட்டம் இயற்றினார்கள். உடனே நீக்கினார்களா? இல்லை! 2023 முதல் 15 பங்கு, 2027 முதல் 10 பங்கு, 2030இல்தான் முழு விலக்கு. அநீதியென்று ஒப்புக்கொண்ட பின்னரும் பத்தாண்டுத் தவணை! அதுவரை, கட்டி இல்லாதவருக்கு இலவசம், இருப்பவருக்குக் கட்டணம் என்னும் கணக்கு சட்டப்படியே நடக்கும்.