மழை நாளில் எந்தப் படம்?

மழை நாளில் வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் மனத்துக்கு இதமாக இருப்பது பழைய படமா, புதிய படமா என்பது தலைப்பு. கேட்டவுடனே பலர் முகத்தில் ஒரு மலர்ச்சி. சூடாகக் கோப்பி, அவித்த மரவள்ளிக்கிழங்கு, எதிரே தொலைக்காட்சிப் பெட்டி, வேறென்ன வேண்டும்? ஆனால் மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மழை என்றதும் அவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது படம் அல்ல, சம்பளம்!

பால்மரத்தை விடிவதற்கு முன்பே சீவத் தொடங்க வேண்டும். இரவு மழையில் பட்டை நனைந்திருந்தால், சீவிய கோட்டில் ஒழுங்காக இறங்க வேண்டிய பால் மரமெல்லாம் வழிந்துவிடும். சீவி முடித்த பிறகு மழை பிடித்துக்கொண்டால், மங்கில் இருக்கும் பால் தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும். நாள் கூலிக் காலத்தில் இரண்டுமே நஷ்டம்தான். ஜாசின் பக்கத்து லயமானாலும் சரி, அலோர் காஜா பக்கத்து லயமானாலும் சரி, விடியற்காலையில் தகரக் கூரையில் மழைச் சத்தம் கேட்டால் வீட்டுக்காரர் திரும்பிப் படுத்துக்கொள்வார். வீட்டுக்காரி தூங்கமாட்டாள், கடைக் கணக்கு ஞாபகம் வந்துவிடும். தலைப்பில் 'இதம்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அது அந்தப் பெண்ணுக்கு எங்கே கிடைத்தது என்பதுதான் இங்கே பேச வேண்டிய விஷயம்.

அப்போது படம் வீட்டுக்குள் வரவில்லை, திடலுக்கு வந்தது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி, ஒரு புரொஜெக்டர், பாய் விரித்துக் கூட்டம். இடம் கிடைக்காதவர்கள் திரைக்குப் பின்புறம் உட்கார்ந்து, இடது வலது மாறிய எம்.ஜி.ஆரைப் பார்த்தார்கள். (சிரிப்பு) மழை வந்தால் முடிந்தது கதை. வில்லன் கதாநாயகியைத் தூக்கிக்கொண்டு போகிற இடத்தில் துணியைச் சுருட்டிவிடுவார்கள். அவளை யாராவது காப்பாற்றினார்களா இல்லையா என்பது தெரியாமலேயே எத்தனை பேர் வீட்டுக்குப் போனார்களோ!

மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28. வண்ண ஒளிபரப்பு வந்தது 1978 கடைசியில். ஆனால் பல தோட்டங்களில் மின்சாரம் என்பதே மாலையில் சில மணி நேரம் ஓடும் ஜெனரேட்டர்தான். கார் பேட்டரியில் தொலைக்காட்சி பார்த்த குடும்பங்கள் உண்டு. ஒரு லயத்தில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் மற்ற வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அந்த வீட்டு வாசலில் இருக்கும். அங்கும் மழை விடவில்லை. இடி இடித்தால் போதும், "பிளக்கைப் பிடுங்கு, ஏரியலைக் கழற்று" என்று பாட்டி கத்துவார். பாட்டி சொன்னதில் தவறும் இல்லை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி வழியாக மின்னல் இறங்கினால் பெட்டியும் போகும், ஆளும் போகலாம்.

1996-இல் ஆஸ்ட்ரோ வந்தது. இனி கவலை இல்லை என்று கூரையில் தட்டை மாட்டினார்கள். மழை வந்தது, படம் போனது! (பலத்த சிரிப்பு) இதற்குக் காரணம் உண்டு. துணைக்கோளிலிருந்து வரும் அந்த அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான். அடர்ந்த மழைக்குள் நுழைந்தால் துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். ஐரோப்பாவின் தூறலில் தாக்குப்பிடித்துவிடும், மலாக்காவின் பிற்பகல் இடிமழையில் முடியுமா? அக்டோபர், நவம்பர் மாதங்களில், தீபாவளியை ஒட்டிப் பலகாரம் சுடுகிற நேரம் பார்த்து அந்த மழை வரும். சிறப்புப் படம் பாதியில் நிற்கும்.

ஆக, மழை நாளில் முழுதாகப் பார்க்கக் கிடைத்தது எது? வீட்டில் இருந்த கேசட். பிறகு வி.சி.டி. அலமாரியில் நாலைந்துதான் இருக்கும். அதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். அதனால்தான் பழைய படம் மழையோடு ஒட்டிக்கொண்டது. இது ரசனையால் மட்டும் வந்தது அல்ல என்பதை எதிரணி குறித்துக்கொள்ளலாம்.

அப்படிப் பார்த்த படங்களில் ஒன்றே ஒன்றை மட்டும் சற்று நின்று பார்ப்போம். ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை', 1964. எல்லாருக்கும் தெரிந்த படம்தான். ஆனால் தோட்டத்துக் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா? பாலையா யார்? எஸ்டேட் முதலாளி. ரவிச்சந்திரன் யார்? அந்த எஸ்டேட்டில் வேலை பார்த்து, முதலாளி மகள்களின் கோபத்தால் வேலை இழந்தவர். இழந்தவர் என்ன செய்கிறார்? முதலாளி வீட்டு வாசலிலேயே கூடாரம் போட்டு, ஆள் சேர்த்துக்கொண்டு, ஆடிப்பாடி வேலையைத் திருப்பிக் கேட்கிறார்! உண்மையான தோட்டத்தில் இது நடக்குமா? அங்கே வேலை போனால் லயத்து வீடும் போய்விடும். சட்டி பானையோடு எங்கே போவது என்பதுதான் அடுத்த கேள்வி. துரை பங்களா வாசலில் நின்று பாட்டுப் பாட எவருக்குத் துணிச்சல் வரும்? திரையில் ஒருவன் பாடினான், முதலாளி தலையைப் பிய்த்துக்கொண்டார். பார்த்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். வெறும் கிச்சுக்கிச்சுச் சிரிப்பு என்று அதைத் தள்ளிவிட முடியாது.

இன்னொரு செய்தி. வேலை கேட்டுப் பாடிய அந்த ரவிச்சந்திரன் பிறந்தது கோலாலம்பூரில். படிக்கத் தமிழ்நாடு போன மலாயாப் பிள்ளை, முதல் படத்திலேயே கதாநாயகன்! (கைதட்டல்)

'அன்பே வா' 1966-இல் வந்தது. உழைத்துக் களைத்த பணக்காரர் ஓய்வெடுக்க சிம்லாவில் இருக்கும் தன் பங்களாவுக்குப் போகிறார். காவலாளி நாகேஷ் அதை வாடகைக்கு விட்டிருக்கிறார். சொந்த வீட்டிலேயே எம்.ஜி.ஆர். வாடகை கொடுத்துத் தங்குகிறார். சொந்தமில்லாத வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேடிக்கை! 'தில்லு முல்லு', 1981. ஒரு வேலைக்காக ஒரு பொய், அந்தப் பொய்யைக் காக்க இல்லாத ஒரு தம்பி. 'மைக்கேல் மதன காமராஜன்', 1990. கல்யாணச் சாம்பாரில் மீன் விழுவதை எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காது.

எதிரணி நண்பர்கள் கபாலியைச் சொன்னார்கள். 2015-இல் மலாக்காவிலேயே படப்பிடிப்பு நடந்தது, ரஜினியைப் பார்க்கக் கூட்டம் கூடியது, மறுப்பதற்கில்லை. வீட்டில் போட்டால் "அதோ நம்ம ஊரு" என்று பிள்ளைகள் கை நீட்டுவார்கள். ஆனால் துப்பாக்கிச் சத்தமும் இடிச் சத்தமும் சேர்ந்தால் பாட்டி எழுந்து உள்ளே போய்விடுவார். சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2016-இல் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளை எப்படித் தடம் மாறுகிறான் என்று காட்டும் படம். கட்டாயம் பார்க்க வேண்டியதுதான், மழை நாளில் வேண்டாம். மனம் கனத்துப் போகும்.

ஒரு புதிய படத்துக்கு மட்டும் இந்த அணி விட்டுக்கொடுக்கத் தயார். 2024-இல் வந்த 'மெய்யழகன்'. தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போனவர், பல ஆண்டுகள் கழித்து உறவினர் கல்யாணத்துக்கு வருகிறார். ஒரு சொந்தக்காரர் ஓடி ஓடி உபசரிக்கிறார். அவர் பெயர் மட்டும் இவருக்கு ஞாபகம் வரவில்லை. அரவிந்த்சாமியின் அந்தத் தவிப்பு மலாக்காக்காரர்களுக்குப் புதிதா? தோட்டம் வீடமைப்புத் திட்டமாகி, லயம் இடிந்து, ஆளுக்கொரு பட்டணம் போனார்கள். இன்று ஒரு கல்யாண மண்டபத்தில் "என்னைத் தெரியலையா, மேட்டு லயத்துப் பையன்" என்று ஒருவர் கையைப் பிடித்தால், முகம் தெரியும், பெயர் வராது.

இப்போது இழை வழி இணையம் வந்துவிட்டது. மழையிலும் படம் நிற்பதில்லை. ஆயிரம் படம் கைப்பேசியிலேயே இருக்கிறது. ஆனால் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கும் தாயாருக்கு அந்த ஆயிரத்தில் ஒன்றை எடுக்கத் தெரியாது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மகன் சிங்கப்பூரில், மகள் ஜோகூரில். பேரன் வந்தாலும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தனியே ஒரு படம் பார்க்கிறான். கேசட் காலத்தில் ஒரு படத்துக்குப் பத்துப் பேர், இன்று ஒரு வீட்டில் மூன்று பேருக்கு மூன்று படம்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது வானம் இருட்டினால், தம்பிகளே, தங்கைகளே, பழைய படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பாலையாவுக்கு நாகேஷ் பேய்க்கதை சொல்லும் கட்டம் வருவதற்கு முன்பே அம்மா சிரிக்கத் தொடங்கிவிடுவார். அந்த நாள் யார் வீட்டில், யார் யாரோடு பார்த்தது என்று கேளுங்கள். படம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை.