வாய்க்காலோரத்து வல்லாரை

பேராக் ஆறு கடலில் கலக்கும் பாகான் டத்தோவின் தென்னந்தோப்புகளில், ஈரம் வற்றாத வாய்க்காலோரங்களில் கணுக்கணுவாய் வேர்விட்டுப் படரும் வல்லாரையை, மலாய்க்காரர்கள் பெகாகா என்றழைத்துச் சம்பலோடு பச்சையாக உண்ண, தமிழர்கள் தேங்காய் சேர்த்துத் துவையலாக அரைக்கின்றனர். அதன் இலையிலிருந்து 1941இல் பிரித்தெடுக்கப்பட்ட ஏசியாட்டிகோசைடு, ட்ரைடெர்பீனாய்டு என்னும் தாவர வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் உருவாவதை அது தூண்டுவதால், காயத்துக்கான களிம்புகளில் வல்லாரைச் சாறு சேர்க்கப்படுகிறது. நினைவாற்றலைப் பெருக்கும் என்ற பெரும்புகழுக்கோ, மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் இன்னும் உறுதியான சான்று தரவில்லை. பறிக்கும் இடமும் முக்கியம்: மண்ணிலுள்ள ஈயம் முதலிய கன உலோகங்களை இக்கீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், சாலையோரத்திலும், களைக்கொல்லி தெளித்த செம்பனைத் தோட்டங்களிலும் முளைத்ததைத் தவிர்த்து, வீட்டுத் தொட்டியில் வளர்த்துக்கொள்வதே நல்லது.