பச்சிளங் குழந்தையும் வயிற்றோட்டமும்
(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில், காரைக்காலில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

  

இம்மாதக் கூட்டத்தில் குழந்தை வளர்ப்பைப்பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி காரியதரிசியவர்கள் பணித்தார்கள். குழந்தை வளர்ப்பு என்பது பெரியதொரு கடல். அதில் ஒரு துறையில் மட்டும் இறங்கக் கருதுகிறேன். அத்துறை யாதெனில், தவழும் பிள்ளை முதல் ஐந்து வயதுப் பிள்ளை வரையில் நம் வீடுகளில் அடிக்கடி காணும் வயிற்றோட்டமேயாகும். இது மிகச் சாதாரணமான நோய். சாதாரணமானது என்று எண்ணப்படுவதனாலேயே இது கொடிய நோயுமாகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகெங்கும் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய 4,40,000 பேர் ஆண்டுதோறும் இந்நோயால் மாண்டுபோகின்றனர். இவர்களிற் பெரும்பாலோர் வீட்டிலுள்ள உப்பும் சர்க்கரையும் நல்ல நீரும் கொண்டே காப்பாற்றப்படக் கூடியவர்கள் என்பதுதான் நெஞ்சைச் சுடும் செய்தி.

இதைக் காரைக்காலில் பேசுவதற்குத் தனிப்பட்ட காரணமும் உண்டு. 2022-ஆம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில், மாங்கனித் திருவிழாவுக்கு ஊர் ஆயத்தமாகிக்கொண்டிருந்த நாட்களில், இங்கே வயிற்றோட்டமும் வாந்தியும் பரவி நூற்றுக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். சிலரிடம் காலரா என்னும் வாந்திபேதி இருப்பது பரிசோதனையில் உறுதியாயிற்று. புதுச்சேரி அரசாங்கத்தார் காரைக்காலில் பொதுச் சுகாதார அவசர நிலையை அறிவித்தனர். பள்ளிகளும் கல்லூரிகளும் மூன்று நாட்கள் மூடப்பட்டன. வாந்திபேதி பாட்டன் காலத்துக் கதை என்று நாம் நினைத்திருந்தோம். அது நம் வாயிற்படியில் வந்து நின்றது. அவ்வச்சம் சில வாரங்களில் மறைந்தது. அது கற்பித்த பாடமும் உடன் மறைந்துவிடலாகாது.

வயிற்றோட்டத்தில் குழந்தையைக் கொல்வது எது? பேதியா? அன்று. உடம்பிலுள்ள நீரும் உப்பும் வற்றிப்போவதே கொல்லுகிறது. பெரியவன் உடம்பு ஏரி போன்றது. ஒருநாள் வெயிலுக்குத் தாங்கும். குழந்தையின் உடம்பு சிறு குட்டை. சில நாழிகைகளில் வறண்டுவிடும். நாக்கு உலர்கிறது, அழுதாற் கண்ணீர் வருவதில்லை, கண் குழிகிறது, கைக்குழந்தைக்கு உச்சிக்குழி பள்ளமாகிறது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் அது உடனே சமனாகாமல் மடிப்பாய் நிற்கிறது, மூத்திரம் குறைகிறது. இவையெல்லாம் நீர் வற்றுவதன் அடையாளங்கள். இவற்றைக் காண்பதற்கு வைத்தியர் வேண்டுவதில்லை. தாயின் கண்ணே போதும்.

நிற்க. நம் வீடுகளில் இத்தருணத்தில் நடப்பதென்ன? "வயிறு காயட்டும்" என்று பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்துகிறோம், சோற்றை நிறுத்துகிறோம். "கொடுப்பதெல்லாம் அப்படியே போகிறதே, ஏன் கொடுக்க வேண்டும்?" என்று பாட்டியார் கேட்கிறார். தாய்க்குப் பத்தியம் வைத்து, முலைப்பாலையும் விலக்குவாருண்டு. "பல் முளைக்கிறது, அப்படித்தான் போகும்" என்று இருந்துவிடுவாரும் உண்டு. மாந்தமென்றும் திருஷ்டியென்றும் சொல்லி, உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டு, பொழுது விடியட்டும் என்று காத்திருப்பாரும் உண்டு. திருஷ்டி கழிப்பதால் யாதொரு கேடுமில்லை. ஆனால் கழித்த கையோடு பாலாடையை எடுக்காமல் இருப்பதே கேடு.

பாட்டியாரின் கேள்வி நியாயமற்றதன்று. ஆதலால் அதற்கு விடை கூறவேண்டியது கடமை. ஓட்டைக் குடத்தில் நீர் நிற்காது என்று அவர் எண்ணுகிறார். ஆனால் குடல் ஓட்டைக் குடமன்று. வயிற்றோட்டத்தின்போதும், காலராவின்போதுங்கூட, குடலில் ஒரு வாயில் திறந்தே இருக்கிறது. சர்க்கரையும் உப்பும் ஒருங்கே வந்தால் அவ்வாயில் இரண்டையும் உள்ளே விடும். அவற்றின் பின்னே நீரும் செல்லும். சர்க்கரை உப்பின் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறது என்றே சொல்லலாம். வெறும் நீர் அவ்விதம் எளிதிற் செல்வதில்லை. சர்க்கரை மிகுந்துவிட்டாலோ, அது உடம்பின் நீரையும் குடலுக்குள் இழுத்துப் பேதியை அதிகப்படுத்தும். ஆகவே அளவு முக்கியம். பல்லில் குற்றம் சொல்வதும் பிழை. பல் முளைக்கும் பருவமே குழந்தை தவழ்ந்து, தரையிற் கண்டதையெல்லாம் வாயிலிடும் பருவம். நோய் வருவது அவ்வழியாக.

இவ்வுண்மை பெரிய அளவில் நிலைநாட்டப்பட்டது நம் பாரதபூமியில்தான் என்பதை அறிய நமக்குப் பெருமை உண்டாகும். 1971-ஆம் ஆண்டு வங்கதேச யுத்தத்தின்போது இலட்சோபலட்சம் அகதிகள் மேற்கு வங்காளத்திற்குள் வந்து குவிந்தனர். எல்லையோரத்துப் பன்காவ்ம் முகாமில் காலரா கோரத் தாண்டவமாடிற்று. இரத்தக் குழாயில் ஏற்றும் உப்புநீர் கையிருப்பில் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகாலானபிஸ் என்னும் வங்காள வைத்தியர், உப்பும் சர்க்கரையும் சோடா உப்பும் கலந்த கரைசலைப் பெரிய பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினரையே முகந்து ஊட்டும்படி செய்தார். நூற்றுக்கு 30 பேர் வரை மாண்டுகொண்டிருந்த இடத்தில், சாவு நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவாயிற்று. அங்கே உயிர் காத்தவர்கள் பெரும்பட்டம் பெற்றவர்களல்லர். தாயும் தமக்கையும் பாட்டியுமே. அவ்வைத்தியர் நம்மூரில் நோய் பரவிய அதே 2022-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் காலமானார். மறு ஆண்டு அரசாங்கத்தார் அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கினர். ஆனால் அவருக்கு உண்மையான மரியாதை, நம் அடுக்களையில் அவர் முறையைக் கைக்கொள்வதே.

இனி முறையைச் சொல்லுகிறேன். தாய்மார்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஓ.ஆர்.எஸ். என்னும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் அரசாங்கச் சுகாதார நிலையங்களில் இலவசமாகவும் மருந்துக்கடைகளில் சொற்ப விலைக்கும் கிடைக்கிறது. பெரிய பொட்டலம் 20.5 கிராம் எடையுள்ளது. அதை ஒரு லிட்டர் நீருக்கு முழுவதும் போடவேண்டும். சிறு பொட்டலங்களும் உண்டு. அவற்றின்மேல் எவ்வளவு நீர் என்று அச்சிட்டிருக்கிறதோ அவ்வளவே சேர்க்கவேண்டும். நீரைக் கொதிக்கவைத்து, ஆறியபின் கலக்கவேண்டும், கலந்தபின் கொதிக்கவைத்தலாகாது. கலந்ததை 24 மணி நேரத்திற்குமேல் வைத்திருத்தலும் ஆகாது. பொட்டலம் கிடைக்காத இரவில், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீருக்கு, தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் சேர்த்துக் கரைக்கவும். தாய் முதலில் தன் நாவில் இட்டுப் பார்க்கட்டும். கண்ணீரைக் காட்டிலும் கரித்தால் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கவேண்டும். நம் பக்கத்து வேதாரண்யத்தில் விளையும் உப்பே போதும். சீமைச் சரக்கு எதுவும் வேண்டியதில்லை.

ஒவ்வொரு தடவை பேதியானபிறகும், இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி லிட்டரும், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி லிட்டரும் கொடுக்கவேண்டும். பாலாடையாலோ கரண்டியாலோ சிறிது சிறிதாகப் புகட்டுக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, முன்னிலும் மெதுவாக மீண்டும் தொடங்குக. முலைப்பாலை ஒருபோதும் நிறுத்தலாகாது. முன்னிலும் அடிக்கடி கொடுக்கவேண்டும். ஆறு மாதம் கடந்த பிள்ளைக்கு நொய்க்கஞ்சியும் மோரும் குழைந்த சோறும் கொடுக்கலாம். கஞ்சியும் மோரும் நம் முன்னோர் கண்டவையே. முன்னோர் வழக்கத்தில் ஊட்டச் சொன்னதை மறந்து, பட்டினி போடச் சொன்னதை மட்டும் நாம் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். இக்கரைசல் பேதியை உடனே நிறுத்தாது. பேதி சில நாட்கள் போகத்தான் போகும். "கொடுத்தும் நிற்கவில்லையே" என்று பலர் கைவிடுவது இவ்விடத்தில்தான். இதன் வேலை போனதை ஈடுசெய்வது. உயிர் தங்கினால் பேதி தானே அடங்கும். பேதியைக் கட்டும் மாத்திரைகளைக் குழந்தைகளுக்குக் கொடுத்தல் ஆபத்து. வைத்தியர் சொல்லாமல் கிருமிகொல்லி மருந்துகளையும் கொடுத்தலாகாது. கடையில் விற்கும் இனிப்புப் பானங்களும் உதவா. சர்க்கரை மிகுந்த சில பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்னும் பெயரைத் தாங்கி வந்தமையால், 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தார் பானங்களின் பெயரில் அச்சொல்லை வழங்கலாகாதென்று உத்தரவிட்டனர். பெயரை மட்டும் கண்டு ஏமாறாதீர்கள்.

கரைசலோடு துத்தநாகச் சத்து மாத்திரையையும் 14 நாட்கள் கொடுக்கவேண்டும்: ஆறு மாதத்திற்கு மேல் நாளொன்றுக்கு 20 மில்லி கிராம், இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10 மில்லி கிராம். பேதி நின்றபின்னும் நிறுத்தாமல் முடித்தால், நோய் விரைவில் மீளாது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், வயிற்றோட்டங் கண்ட இந்தியக் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பேரே கரைசலும், 30 பேரே துத்தநாகமும் பெற்றதாகத் தெரிகிறது. எஞ்சிய 40 பேரில் நம் வீட்டுப் பிள்ளையும் ஒன்றாக இருக்கலாமா?

வீட்டு வைத்தியத்திற்கும் எல்லையுண்டு. பிள்ளை மயங்கிச் சோர்ந்தாலும், குடிக்க மாட்டாமற்போனாலும், குடித்ததெல்லாம் வாந்தியெடுத்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், கடுங்காய்ச்சல் அடித்தாலும், ஆறு மணி நேரம் மூத்திரம் போகாவிட்டாலும், இரண்டு மாதத்திற்குட்பட்ட சிசுவானாலும், ஒரு கணமும் தாமதியாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். நல்ல நாள், இராகு காலம் பார்த்தலாகாது. போகும் வழியிலும் கரைசலைப் புகட்டிக்கொண்டே போகவேண்டும்.

வருமுன் காத்தலைப்பற்றியும் சில சொற்கள். பிறந்த சிசுவுக்குச் சேனை தொட்டு வைத்தலை விடுத்து, முதல் மணி நேரத்திலேயே முலைப்பால் கொடுக்கவேண்டும். ஆறு மாதம் வரை வேறெதுவும், தண்ணீருங்கூட, வேண்டியதில்லை. உரைமருந்து கொடுப்பார், உரைகல்லையும் அதைத் தொடும் கையையும் எண்ணிப்பார்க்கவேண்டும். பிள்ளைக்குக் கால் கழுவியபின்னும், ஊட்டுவதற்கு முன்னும் சோப்பினாற் கைகழுவுதல் எவ்வுரைமருந்தினும் சிறந்தது. குழந்தைகளின் கடும் பேதிக்கு முக்கிய காரணமாகிய ரோட்டா வைரஸுக்குத் தடுப்பு மருந்து 2016 முதல் அரசாங்கத் தடுப்பூசித் திட்டத்திற் சேர்க்கப்பட்டு, 6, 10, 14 வாரங்களில் சொட்டாக இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. அதைத் தவறவிடுவது பேதைமை.

சகோதரர்களே! இது நம் சமூகத்தார் சங்கம். நம் பிள்ளைகளின் க்ஷேமத்தை நாடியே இதை நடத்துகிறோம். ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் முடித்தால் என் கடமையிற் குறைவுண்டாகும். நாம் கடைமடைக்காரர்கள். கும்பகோணம் கடந்து அரசலாறு கடலையடையும் இடத்தில் வாழ்கிறோம். மேல்மடையில் ஒருவன் செய்வது கீழ்மடையில் இருப்பவனைச் சேரும் என்பது நமக்கு ஒருவர் கற்பிக்கவேண்டியதன்று. குடிநீர்க் குழாயும் அவ்வாறே. தொட்டியிலிருந்து புறப்பட்ட நீர் நம் தெருவென்றும் பிறர் தெருவென்றும் பார்ப்பதில்லை. வேறொரு தெருவில் குழாய் உடைந்து சாக்கடை கலந்தால், அது நம் பிள்ளையின் பாலாடைக்கும் வந்துசேரும். பிற தெருவின் சுகாதாரத்தில் நமக்கென்ன என்று கேட்பவன் தன் வீட்டுக் கிணற்றையே தூர்ப்பவனாவான். ஆகவே குழாய் பழுதென்று கண்டால், அது எவர் தெருவாயினும், நகராட்சிக்கு முதல் விண்ணப்பம் நம் சங்கத்தின் பெயராற் போகட்டும்.

முடிவாக, சங்கத்தாருக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று: நம்மவர் வீட்டுக் காதணி விழாவிலும் பெயரிடும் சடங்கிலும் தாம்பூலப் பையோடு இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்தவேண்டும். இரண்டு: வங்கதேசத்தில் 1980-க்குப் பின் பத்தாண்டுகளில் பிராக் என்னும் ஸ்தாபனத்தார் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு நடந்துசென்று, கரைசல் கலக்குந் திறத்தைத் தாய்மார் கையாலேயே செய்வித்துக் கற்பித்தனர்; அவ்வாறே நம் மாதர் பகுதியாரும் ஆண்டுதோறும் கோடைக்குமுன் ஒரு கூட்டத்திற் செய்து காட்டவேண்டும். மூன்று: அக்கூட்டத்திற்குத் தகப்பன்மார்களும் வரவேண்டும். நள்ளிரவில் பிள்ளை வாடும்போது தாய் ஒருத்தியே விழித்திருப்பதும், தகப்பன் "என்ன, இன்னும் நிற்கவில்லையா?" என்று பாயிலிருந்தே கேட்பதும் நம் குலத்திற்கு அழகன்று. பாலாடை பிடிக்க ஆண் கைக்கும் தெரியவேண்டும்.

காரைக்கால் இறைவனே "அம்மை" என்று அழைத்த ஒருவர் பிறந்த ஊர். அம்மை என்னும் சொல்லுக்கு இவ்வூரில் இருக்கும் மதிப்பு வேறெவ்வூரிலும் இல்லை. அம்மதிப்பை நாம் கோயிலோடு நிறுத்திவிடாமல், வீட்டிலுள்ள ஒவ்வோர் அம்மைக்கும் தக்க அறிவையும் துணையையும் அளித்துக் காட்டுவோமாக.